கை நிறத்தை ஏத்த முடியுமா?

போன எபிசோடு கமென்ட்ல நிறைய பேர் கேட்டது: ஊர்ல இருந்துக்கிட்டே காஸ்மெடிக்ஸ் புராடக்ட் ஷூட் பண்ண முடியுமா? முடியும். நான் பாலசமுத்திரத்துல, கிளையன்ட் வேற மாநிலத்துல. பொருள் கூரியர்ல வரும், படம் டிரைவ் லிங்க்ல போகும்.

முதல் எதிரி லிப்ஸ்டிக் மூடி. பளபள மெட்டல்னா அது ஒரு கண்ணாடிதான். ஃபேன், ஜன்னல் கம்பி, நம்ம மூஞ்சி எல்லாம் அதுல நிக்கும். போலரைசர் ஃபில்டர் பிளாஸ்டிக்ல ஓரளவு கை கொடுக்கும், வெறும் மெட்டல்ல பெருசா உதவாது. அதனால மூடி எதைப் பார்க்குதோ அதை மாத்தணும். ரெண்டு பக்கமும் ட்ரேசிங் பேப்பர், அதுக்குப் பின்னால லைட், விளிம்பு தெரிய ஓரத்துல கறுப்பு சார்ட். செலவு நூறு ரூபாய்கூட ஆகாது. அமேசான் முதல் படத்துக்குக் கேக்குறது சுத்த வெள்ளைப் பின்னணி, அதாவது ஆர்ஜிபி 255, 255, 255. பொருள் ஃப்ரேம்ல 85 சதவீதமாவது நிறையணும்.

இதெல்லாம் ஈஸி. கஷ்டம் ஸ்வாட்ச்ல. கையில தடவிக் காட்டுற படம்.

சித்தி பொண்ணு கையில பன்னிரண்டு ஷேடு போட்டு எடுத்தேன். கிரே கார்டு வச்சு ஒயிட் பேலன்ஸ் பண்ணி, எஸ்ஆர்ஜிபி-ல அனுப்பினேன். பதில் வந்துச்சு: "கலர் சூப்பர். கையை மட்டும் கொஞ்சம் ஃபேர் பண்ணிடுங்க."

ஒரு ஸ்லைடர் இழுத்தா முடிஞ்சது, இல்லையா? இல்ல. தோலை வெளுப்பாக்கினா, பக்கத்துல இருக்கற அதே பிரவுன் ஷேடு கண்ணுக்கு இன்னும் அடர்த்தியாத் தெரியும். மெல்லிசான ஷேடுன்னா அடியில இருக்கற தோல் நிறமும் அதுல கலந்துதான் தெரியுது. அப்போ மாத்தினது கையை மட்டும் இல்ல, விக்கிற பொருளையும்தான். பழனியில மாநிறமா ஒரு பொண்ணு இதை நம்பி ஆர்டர் போட்டா, கையில வர்றது வேற கலர்.

புதுக் கதையும் இல்ல இது. ஃபிலிம் காலத்துல லேப்ல கலர் செட் பண்ண கோடாக் கொடுத்த "ஷெர்லி கார்டு"ல ரொம்ப வருஷம் இருந்தது வெள்ளைக்காரப் பெண்கள்தான். மத்தவங்க தோல் படத்துல எப்படி வருதுன்னு அப்போ யாரும் பெருசாக் கவலைப்படல. 2011-ல பிரிட்டன் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு ஜூலியா ராபர்ட்ஸ் நடிச்ச லான்கோம் ஃபவுண்டேஷன் விளம்பரத்தையே நிறுத்துச்சு. ரீடச்சிங் அந்தப் பொருளோட பலனை மிகைப்படுத்தலன்னு கம்பெனியால நிரூபிக்க முடியல. நம்ம ஊர்ல ஃபேர் அண்ட் லவ்லி பேர் மாறினது 2020-ல. பேர்தான்.

நான் ரெண்டு வெர்ஷனையும் பக்கத்துல பக்கத்துல வச்சு அனுப்பினேன், கூடவே லிப்ஸ்டிக்கைத் திறந்து வச்ச ஒரு படம். "எதுல ஷேடு நிஜமா இருக்கு, நீங்களே சொல்லுங்க"ன்னு ரெண்டே வரி. எட்டு ஷேடுக்கு ஒரிஜினல் ஓகே ஆச்சு. மீதி நாலை வேற ஆள்கிட்ட கொடுத்துட்டாங்க, அந்தக் காசு போச்சு. சித்தி பொண்ணுகிட்ட காரணம் சொல்லல. "ஏன் எட்டுதான் வந்திருக்கு?"ன்னு அவளே லிஸ்டிங் பார்த்துட்டுக் கேட்டா.

இப்போ கொட்டேஷன்லயே ஒரு வரி சேர்த்திருக்கேன்: தூசி, கீறல், பின்னணி திருத்தித் தரப்படும், தோல் நிறமும் ஷேடும் மாத்தப்படாது. அட்வான்ஸ் 50 சதவீதம்.