ஓரவஞ்சனை என்றால் என்ன?
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



பையனுக்கு முட்டை, பெண்ணுக்கு வெறும் குழம்பு என்றால் "ஏம்மா ஓரவஞ்சனை பண்றே?"ன்னு பிள்ளை கேட்கும். ஓரம் என்பது ஒரு பக்கம் சாய்வது. வஞ்சனை என்பது ஏமாற்றுவது. அரசாங்கக் கடிதத்தில் வரும் பாரபட்சமும் இதுதான், பட்சம் என்றாலும் பக்கம்தான். திருக்குறளில் இதற்கு எதிராக நடுவு நிலைமை என்று 12-வது அதிகாரமே உண்டு. வள்ளுவர் அதற்குக் காட்டும் உவமை தராசு.

சரி, எல்லாருக்கும் ஒரே தொகை கொடுத்தால் ஓரவஞ்சனை போயிடுமா? ஒரு குழுவில் 12 பேருக்கும் கடனைச் சரிசமமாகப் பிரித்தோம். ஆடு வாங்க நினைத்தவருக்குப் பத்தவில்லை. தேவையே இல்லாதவர் வாங்கி வைத்து வட்டி கட்டினார். சமம்தான், நியாயமில்லை.

அடுத்த தடவை தேவையைப் பார்த்துத் தரலாம் என்று பேசினோம். முதல் பெயர் ஊக்குநரின் நாத்தனார்! கூட்டத்தில் இருந்த நாமும் வாய் திறக்கவில்லை, அது நம் தப்பு. பின்வரிசை அக்கா ஒருவர்தான் எழுந்தார். "அவங்களுக்கு ஏன் முதல்லன்னு தீர்மான நோட்டுல எழுதுங்க. எழுதினதை எல்லாருக்கும் படிச்சுக் காட்டுங்க" என்றார்.

ஊக்குநர் பேனாவை எடுத்தார். எழுதக் காரணம் வரவில்லை. பெயரை அடித்துவிட்டு, ஆட்டுக்குக் கேட்டவரின் பெயரை எழுதினார்.