வீட்டுக் கணிப்பொறியும் வேண்டாத விருந்தாளியும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



"இன்ஜினீயர் ஆயிட்டே, ஏதாவது உபயோகமா பேசு" என்று செயலாளர் சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் ஒரு இன்ஜினீயரை எதற்குத் தேடி வருவார்கள் என்று உங்களுக்கே தெரியும். பாலம் கட்டுகிறவனா, பாய்லர் பார்க்கிறவனா என்று யாரும் விசாரிக்க மாட்டார்கள். "தம்பி, வீட்டு கம்ப்யூட்டர்ல வைரஸ் வந்துடுச்சு, கொஞ்சம் வந்து பாருப்பா" என்பார்கள். ஆகவே அதையே பேசுகிறேன்.

என் ஊர் ஓரிக்கை. காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற வழியில் இருக்கிறது. திருமழிசை ஆழ்வாரும் சீடர் கணிகண்ணனும் காஞ்சியை விட்டுப் புறப்பட்டபோது, பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே வந்து ஒரு ராத்திரி தங்கின இடம் என்பார்கள். ஓரிரவிருக்கை என்பதுதான் ஓரிக்கை ஆனதாம். அந்த விருந்தாளி மறுநாளே திரும்பிவிட்டார். கம்ப்யூட்டருக்குள் வருகிற விருந்தாளி அப்படி இல்லை. தங்கும், குட்டி போடும், பக்கத்து வீட்டுக்கும் போய்ச் சேரும்.

எங்கள் பக்கம் பட்டு நெசவு பிழைப்பு. முன்பெல்லாம் சேலையின் டிசைனை கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகப் போட்டு, அதைப் பார்த்து ஜக்கார்டு அட்டையில் துளை போடுவார்கள். இப்போது கட்டம் போடும் வேலை கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டது. பார்டர், முந்தி, புட்டா எல்லாம் படக் கோப்புகள். பென் டிரைவில் ஏற்றி அட்டை அடிக்கிற இடத்துக்குக் கொண்டுபோவார்கள். ஒரு நாளில் அந்த பென் டிரைவ் எத்தனை கம்ப்யூட்டரைத் தொட்டு வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

பக்கத்துத் தெரு நெசவாளர் ஒருவர் வந்தார். "ஃபோல்டர் எல்லாம் அப்படியே இருக்குது தம்பி. தொட்டா திறக்குது. ஆனா எல்லாத்து மேலயும் சின்னதா ஒரு அம்புக்குறி இருக்குது. ஃபார்மட் அடிச்சாத்தான் சரியாகும்னு சொல்றாங்க" என்றார். அந்த கம்ப்யூட்டரில் இருந்தது எட்டு வருஷத்து டிசைன். அடுத்த மாதம் முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய சேலையின் முந்தியும் அதில்தான். வேறு பிரதி கிடையாது.

இன்று நான் சொல்ல வந்த முக்கியமான சங்கதி இதுதான். ஃபார்மட் அடித்தால் கம்ப்யூட்டர் பிழைத்துக்கொள்ளும், எட்டு வருஷ உழைப்பு போய்விடும். கம்ப்யூட்டரை நாளைக்கும் வாங்கலாம். முதலில் காப்பாற்ற வேண்டியது அதற்குள் இருக்கிற உழைப்பை. இதை மனதில் வைத்துக்கொண்டால், எந்த வேலையை முன்னால் செய்வது, எதைப் பின்னால் செய்வது என்பது தானாகவே விளங்கும்.

அந்த அம்புக்குறி என்ன? இந்த வகை வைரஸ் உங்கள் ஃபோல்டரை அழிப்பதில்லை. அதற்கு 'மறைப்பு', 'சிஸ்டம்' என்று இரண்டு முத்திரை குத்தி ஒளித்துவிடும். அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டை முன்னால் வைக்கும். நீங்கள் அதை அழுத்தினால் வைரஸும் ஓடும், ஃபோல்டரும் திறக்கும். நமக்குச் சந்தேகமே வராது. இது சாதாரணத் திருட்டு என்று நினைக்க வேண்டாம். 2010ல் தெரியவந்த, ஈரான் நாட்டு அணு ஆலையைக் குறிவைத்த ஸ்டக்ஸ்நெட்டும் பென் டிரைவில் ஏறி, ஷார்ட்கட் கோப்பில் இருந்த ஓட்டையைத்தான் பயன்படுத்தியது. அதற்கு அழுத்தக்கூட வேண்டாம், அந்தப் படம் திரையில் தெரிந்தாலே போதும். மைக்ரோசாப்ட் அதே ஆண்டில் அந்த ஓட்டைக்கு மருந்து வெளியிட்டது.

சரி, வைத்தியம்.

முதலில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். அந்த கம்ப்யூட்டரில் வங்கிக் கணக்கு, மெயில் எதையும் திறக்காதீர்கள். பாஸ்வேர்டுகளை வேறு நல்ல கம்ப்யூட்டரிலோ போனிலோ மாற்றுங்கள்.

இரண்டாவது, கோப்புகளை வெளியே எடுங்கள். நோய் பிடித்த விண்டோஸை நம்பி எடுக்கக் கூடாது. திருடனைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு வீட்டைச் சோதிக்கிற கதையாகிவிடும். சுத்தமான வேறொரு கம்ப்யூட்டரில் லினக்ஸ் பென் டிரைவ் ஒன்று தயார் செய்து, அதிலிருந்தே இயந்திரத்தைக் கிளப்புங்கள். விண்டோஸுக்காக எழுதின வைரஸ் அங்கே எழுந்திருக்காது. விண்டோஸ் குத்தின மறைப்பு முத்திரையும் அங்கே செல்லாது. ஒளிந்திருந்த ஃபோல்டர் எல்லாம் பளிச்சென்று தெரியும். படம், கடிதம், கணக்கு இவற்றை மட்டும் காலியான வட்டு ஒன்றில் எடுங்கள். புரோகிராம்களும் ஷார்ட்கட்டுகளும் வேண்டாம். ஒரு எச்சரிக்கை: புதிய மடிக்கணினிகளில் வட்டு பூட்டப்பட்டிருக்கலாம். அதற்கான மீட்புச் சாவியை இன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சொன்ன நெசவாளர் வீட்டில் இப்படிச் செய்தபோது ஒரு டிசைன்கூடக் குறையாமல் கிடைத்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. அந்த முந்தி டிசைனைத் திறந்து காட்டச் சொல்லி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது, சுத்தம் செய்தல். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிபெண்டர் கூடவே வருகிறது. அதில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' என்று ஒன்று உண்டு. விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே, வெளியில் நின்று தேடும். கால் மணி நேரம் போல ஆகும். மத்திய அரசு 2017ல் தொடங்கின சைபர் ஸ்வச்சதா கேந்திராவும் இலவசமாகச் சுத்தம் செய்யும் கருவிகளைத் தருகிறது. அதன் பிறகு, கம்ப்யூட்டர் எழும்போது தானாக ஓடுகிற புரோகிராம்களின் பட்டியலையும், பிரவுசரில் ஒட்டிக்கொண்டிருக்கிற நீட்சிகளையும் பாருங்கள். தெரியாத பெயர் இருந்தால் விசாரியுங்கள். பாஸ்வேர்டு திருடுகிற வைரஸ், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கிற வைரஸ் என்றால் தயங்காமல் விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடுங்கள். கோப்புகள்தான் பத்திரமாக வெளியே வந்துவிட்டனவே!

நான்காவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வீட்டில் உள்ள எல்லா பென் டிரைவ்களையும், அவை போய்வருகிற இடங்களையும் சேர்த்தே சுத்தம் செய்ய வேண்டும். ஒளிந்த ஃபோல்டர்களின் முத்திரையை நீக்க 'அட்ரிப்' என்ற பழைய டாஸ் கட்டளை இன்றும் உதவும். ஒன்றை விட்டாலும் மறுபடி மொத்தமும் வரும். தெருவில் ஒரு வீட்டுத் தொட்டியை மட்டும் கழுவினால் கொசு ஒழியுமா?

இனி வராமல் காப்பது பற்றி.

1986ல் பாகிஸ்தானின் லாகூரில் பாசித், அம்ஜத் என்ற அல்வி சகோதரர்கள் 'பிரெயின்' வைரஸை எழுதினார்கள். பி.சி.க்களுக்கு வந்த முதல் வைரஸ் அதுதான் என்பார்கள். தங்கள் மென்பொருளைத் திருட்டுப் பிரதி எடுப்பவர்களுக்காகச் செய்தோம் என்றார்கள், தங்கள் முகவரியையும் அதிலேயே எழுதி வைத்தார்கள்! இன்று முகவரி எழுதுகிறவர் யாரும் இல்லை, ஆனால் திருட்டுப் பிரதிதான் இன்றைக்கும் வைரஸுக்கு ராஜபாட்டை. 'கிராக்' செய்த மென்பொருள், "முதலில் ஆன்டிவைரஸை அணைத்துவிடு" என்று சொன்னால், அது எதற்கு என்று யோசியுங்கள்.

அப்டேட்டைத் தள்ளிப் போடாதீர்கள். 2017 மே 12 அன்று உலகத்தையே கலக்கின வானாக்ரை நுழைந்த ஓட்டைக்கு, மார்ச் 14 அன்றே மருந்து வந்துவிட்டது. மாட்டியவர்களில் பெரும்பாலோர் இரண்டு மாதமாக அதைப் போடாமல் இருந்தவர்கள்தான். விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. இன்னும் அதிலேயே இருப்பவர்கள் இந்த மாதமே ஒரு முடிவு எடுங்கள்.

கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் வால் தெரியும்படி விண்டோஸில் மாற்றி வையுங்கள். 2000 மே மாதம் பரவின 'ஐ லவ் யூ' வைரஸ், காதல் கடிதம் போலப் பெயர் வைத்து வாலை மறைத்துத்தான் ஊரை ஏமாற்றியது. இன்று அதே வித்தை வாட்ஸப்பில் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வருகிறது. பத்திரிகை படமாக வரும், பி.டி.எஃப். ஆக வரும். ஏ.பி.கே. என்று வந்தால் அது பத்திரிகை இல்லை. பணம் பறிபோனால் உடனே 1930க்குப் பேசுங்கள். தாமதிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் நஷ்டம்.

தனியாக வைப்பதன் அருமைக்கு நம் கூடங்குளமே சாட்சி. 2019 செப்டம்பர் 4 அன்று அங்கே தீநிரல் இருப்பதை செர்ட்-இன் தெரிவித்தது. அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம் அதை ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு சேர்ந்த கம்ப்யூட்டர். முக்கியமான உள் வலையமைப்பு அதிலிருந்து பிரிக்கப்பட்டிருந்தது என்று விளக்கம் தந்தார்கள். நம் வீட்டிலும் இது முடியும். பிள்ளைகள் விளையாட ஒரு யூசர் கணக்கு, வேலைக்கு ஒன்று, இரண்டும் நிர்வாகி அதிகாரம் இல்லாமல். புதிதாக எதையாவது நிறுவ மட்டும் மூன்றாவது கணக்கு.

கடைசியாக, பிரதி. முக்கியமான கோப்பு மூன்று இடத்தில் இருக்கட்டும். அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். பிரதி எடுத்த வட்டைச் செருகியபடியே விடாதீர்கள். பூட்டுகிற வைரஸ் அதையும் சேர்த்தே பூட்டும்.

தம்பி தங்கைகளே, கல்லூரியில் படிக்கிற பிள்ளை என்று உங்களையும் தெருவில் கூப்பிடுவார்கள். போங்கள். யார் ஃபார்மட் அடிக்கச் சொன்னாலும், "உள்ளே என்ன இருக்கு, பிரதி இருக்கா?" என்று முதலில் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில் ஒரு குடும்பத்தின் எட்டு வருஷம் தப்பும். வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக் கோப்புகளுக்கு ஒரு பிரதி எடுத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்கும் ஒன்று எடுத்துக் கொடுங்கள்.