வண்டலூர் புலிக்குப் பூர்வீகம்

சனிக்கிழமை வந்தால் வீட்டில் ஒரு கேள்வி எழும்: "எங்கேயாவது போகலாமா?" "ஓ, போகலாமே" என்போம். பொழுது சாயும்போது பார்த்தால் டி.வி. முன்னால்தான் உட்கார்ந்திருப்போம்.

சென்னைக்காரர்களுக்கு ஒரு யோசனை. எழும்பூர் அருங்காட்சியகம். பள்ளிக்கூட நாளில் வரிசையில் நின்று பார்த்ததோடு சரி, அப்புறம் நம்மில் பலர் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

1851இல் அது தொடங்கியபோது பொறுப்பேற்றவர் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர். கல்லையும் காசையும் மட்டும் வைத்தால் போதுமா? 1855இல் அதே வளாகத்தில் உயிருள்ள மிருகங்களையும் கொண்டுவந்து வைத்தார். ஜனங்கள் திரண்டு வந்தார்கள். அந்த மிருகக்காட்சி சாலைதான் பிறகு பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985இல் வண்டலூரில் திறக்கப்பட்டது. ஆக, வண்டலூர் புலிக்குப் பூர்வீகம் எழும்பூர்!

இன்று அங்கே புலி இல்லை. ஆனால் வெண்கலக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராஜர் இருக்கிறார். பிரெஞ்சுச் சிற்பி ரோதான் அவரை நேரில் பார்த்ததில்லை. புகைப்படங்களைப் பார்த்தே சொக்கிப்போய் எழுதினார். நமக்கோ பஸ் தூரம்தான். எல்லாக் கூடத்தையும் ஒரே நாளில் பார்த்துவிட நினைக்காதீர்கள், கால்தான் வலிக்கும். இந்த ஒரு கூடத்தில் நின்று நிதானமாகப் பார்த்தாலே போதும்.

அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. சனியும் ஞாயிறும் திறந்திருக்கும்.