இருபதாயிரத்துக்குள் ஒரு லேப்டாப்

அடுக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க: "காலேஜ் சேரப்போறேன்ணா. அப்பா தோட்டக் கூலியில 20,000 ரூபாதான் தர முடியும். என்ன வாங்கலாம்?"

வாங்குறதுக்கு முன்னாடி, அண்ணனோட அரசு லேப்டாப் வீட்ல கிடக்குதான்னு பாரும்மா. 2011-ல் தொடங்கின திட்டம் அது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிட்டு எஸ்எஸ்டி போட்டு, லினக்ஸ் ஏத்தினா டைப்பிங்குக்குத் தாராளமா ஓடும்.

இல்லைன்னா, கம்பெனிகள் கழிச்சுவிட்ட திங்க்பேட், லாட்டிட்யூட் செகண்ட் ஹேண்ட்ல பாருங்க. 8 ஜிபி ரேம் வேணும். இன்டெல்னா எட்டாவது தலைமுறைக்குக் கீழே வேண்டாம். விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது.

பேட்டரிலதான் ஏமாத்துவாங்க. கடையிலேயே சார்ஜரைக் கழற்றி அரை மணி நேரம் வீடியோ ஓட விடுங்க, கடைக்காரர் முறைச்சாலும் பரவால்ல. வாரண்டியை பில்லுல எழுதி வாங்குங்க. ரிப்பேர்னா பெரியகுளத்துக்கு இறங்கி ஏறப்போறது நீங்கதானே.