பழைய சைக்கிளும் புதிய சக்கரமும்



அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் பல வீடுகளில் அப்பாவின் இரும்பு சைக்கிள் இன்னும் சுவரில் சாய்ந்து நிற்கிறது. 1949-இல் அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. ஆலையின் ஹெர்குலிஸ் அதில் ஒன்று. அதற்குப் புது அலுமினிய ரிம்மும் கேபிள் பிரேக்கும் போடலாமா? தாராளமாகப் போடலாம். ஐப்பசி மழையில் நனைந்த குரோம் ரிம்மில் பிரேக் சரியாகப் பிடிக்காது. அலுமினியத்தில் நன்றாகப் பிடிக்கும்.

ஆனால் கடைக்குப் போகும்முன் அளந்து பாருங்கள். பழைய 28 இஞ்ச் ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 635 மி.மீ.; புதிய 700சி ரிம்மில் 622. ஆரத்தில் ஆறரை மி.மீ. குறைகிறது. பிரேக் கட்டை அந்த அளவு இறங்காவிட்டால் ரிம்மை விட்டு டயரைத்தான் கடிக்கும். சீமைக்கருவேல முள்ளே தேவையில்லை!

பழைய பின் ஹப்பில் ஸ்போக்ஸ் கம்பிக்கு 40 துளை. புது ரிம்மில் பெரும்பாலும் 32 அல்லது 36. ஆகவே ஹப்பும் மாற வேண்டும். கியர் ஹப் 130 மி.மீ. அகலம் கேட்கும், பழைய பிரேமின் பின்பக்கம் அதைவிடக் குறுகல். இரும்பு என்பதால் இருபுறமும் சமமாக, பக்குவமாக விரிக்கலாம். அலுமினிய பிரேமில் அதைச் செய்யாதீர்கள், விரிசல் விடும்.

கியர் அப்புறம் வரட்டும், முதலில் பிரேக்கைப் பாருங்கள். கேரியரில் தங்கச்சி உட்கார்ந்து வருகிறாள். நீங்கள் அளவைச் சொன்னால், கோட்டம் எடுக்கிற நம்மூர் அண்ணன் மீதியைப் பார்த்துக்கொள்வார்.