இதயக் கோடும் கணிப்பொறியின் தீர்ப்பும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மெட்ரிகுலேஷன் மட்டுமே தேறிய ரயில்வே குமாஸ்தாவுக்கு மருத்துவம் பேச உரிமை ஏது என்று தாங்கள் வினவலாம். நோயாளியாகும் உரிமை எல்லார்க்கும் உண்டன்றோ? அவ்வுரிமை பற்றியே பேசத் துணிந்தேன்.

நம்மில் நாற்பதைக் கடந்தோர் பலரிடம் ஈ.சி.ஜி. என்னும் இதய மின்வரைபடம் ஒன்றேனும் இருக்கும். ஹாலந்து நாட்டு அறிஞர் ஐந்தோவன், இவ்வரைபடத்தின் இயல்பைக் கண்டறிந்தமைக்காக 1924-இல் நோபல் பரிசு பெற்றார். அவர் காலத்தில் கோடுகளை மருத்துவரே படித்தனர். இன்றோ, தாளின் தலைப்பில் கணிப்பொறியே தன் தீர்ப்பையும் அச்சிட்டுவிடுகிறது. அந்த ஒரு வரியை எவ்வளவு நம்பலாம்?

1991-இல் ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நோய் இன்னதென்று வேறு சோதனைகளால் உறுதிப்பட்ட 1,220 பேரின் வரைபடங்களை 9 கணிப்பொறி நிரல்களிடமும் 8 இதயநோய் வல்லுநர்களிடமும் கொடுத்தனர். வல்லுநர்கள் நூற்றுக்கு 76.3 அளவிலும், நிரல்கள் 69.7 அளவிலும் சரியாகக் கூறின. மிகச் சிறந்த நிரல்கள் மிகச் சிறந்த வல்லுநர்களை ஏறக்குறைய எட்டிவிட்டன. மனிதன் வென்றான் என்று கைதட்ட வேண்டா. வல்லுநர்க்கும் நான்கில் ஒரு பங்கு தவறியது. கோட்டில் இல்லாததைக் கோட்டைப் பார்த்து யார் சொல்ல வல்லார்? மாரடைப்பின் தொடக்கத்திலும் வரைபடம் இயல்பாகத் தோன்றக்கூடும். ஆகவேதான் நெஞ்சுவலியோடு வந்தவர்க்குச் சிறிது நேரம் கழித்து மீண்டும் எடுக்கின்றனர். இரத்தச் சோதனையும் செய்கின்றனர்.

அளப்பதில் கணிப்பொறி வல்லது. ஒழுங்கற்ற துடிப்பை இனங்காண்பதில் இடறுகிறது. குளிரில் உடல் நடுங்கினால் கோடும் நடுங்கும். 2004-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், இதய மேலறைகள் தாறுமாறாகத் துடிப்பதாகக் கணிப்பொறி கூறிய 2,298 வரைபடங்களுள் 442 தவறு. அவை 382 நோயாளிகளுடையவை. அவர்களுள் 92 பேர்க்கு மருத்துவரும் பிழையைத் திருத்தவில்லை. சிலர் வேண்டாத மருந்தையும் உண்டனர். பொறி தவறியதைவிட இதுவே என்னை வருத்துகிறது. எங்கள் அலுவலகத்தில் கணிப்பொறி அச்சிட்ட தாளாயினும், கையெழுத்திட்டவனுக்கே சார்ஜ் ஷீட் வரும். பொறிக்கு வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை!

நம் போன்றோர்க்கு இதில் தனித் துன்பம் ஒன்றுண்டு. வலி எங்குத் தொடங்கிற்று, எங்குப் பரவிற்று என்பதை நம் தாய்மார் தமிழில்தான் சொல்ல வல்லவர். மருத்துவரோ இந்தியில் வினவுவார். பேச்சு நின்றுவிடவே தாள் பேசத் தொடங்குகிறது. ஆதலின் இருமொழியும் அறிந்த ஒருவர் உடன் செல்லுதல் நன்று. பழைய வரைபடங்களையும் தேதியுடன் எடுத்துச் செல்க. மாற்றலாகி ஊர் ஊராய்ச் செல்லும் நாம் பாத்திர பண்டங்களைக் காக்கிறோம், இவற்றை எறிந்துவிடுகிறோம். பழையதோடு ஒப்பிட்டாலன்றிப் புதிய மாறுதல் எது என்று மருத்துவர்க்கும் விளங்காது.

துணைக்குச் செல்ல இசைவோர் செயலாளரிடம் பெயர் தருக. என் பெயரை இன்று காலையே கொடுத்துவிட்டேன்.