யார் பேருக்கு வருது அந்தப் பணம்?

(தலைப்பு: ஏழை மாணவரைக் கல்லூரிப் படி ஏற்றுவது பெற்றோரின் தியாகமா? அரசின் உதவித்தொகையா?)



எதிரணி அண்ணன் கண்ணீர் வரப் பேசினார். அம்மா தாலியை அடகு வெச்சாங்க, அப்பா ஆட்டை வித்தாருன்னு. எனக்கும் கண் கலங்கிச்சு. ஆனா ஒண்ணு கேட்கிறேன் அண்ணே. வீட்டுல இருக்கிறது ஒரே தாலிக்கொடி. பிள்ளைங்க இரண்டு. மகனுக்கு இன்ஜினீயரிங், மகளுக்கு பி.ஏ. அந்தத் தாலிக்கொடி யாருக்காக அடகுக் கடைக்குப் போகும்? (கைதட்டல்) மககிட்ட என்ன சொல்வாங்க? ‘உனக்கு நகை சேர்க்கணும்மா’. பெற்றோர் தியாகம் பெரிசுதான், மறுக்கலே. அது பல வீட்டுல ஒரு பிள்ளைக்குத்தான் காணும்.

அரசாங்கமே ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சுது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பேர்ல 1989-ல திருமண உதவித் திட்டம் வந்துச்சு. பொண்ணு படிச்சிருக்கணும்னு நிபந்தனை வெச்சாங்க, நல்லதுதான். 2011-ல பட்டதாரிப் பெண்ணுக்கு 50,000 ரூபாயும், தாலிக்கு 4 கிராம் தங்கமும்னு ஆச்சு. 2016-ல அது 8 கிராம். ஆனா எப்போ வரும்? கல்யாணம் நிச்சயமானாத்தான்! பரீட்சைக்குப் பணம் கட்ட முடியாம அவ தவிச்சப்போ வராது.

2022 செப்டம்பர்ல, அதே அம்மையார் பேர்லயே அதைப் படிப்புக்கு மாத்தினாங்க. புதுமைப் பெண் திட்டம். அரசுப் பள்ளியில 6-ல இருந்து 12 வரைக்கும் படிச்ச பொண்ணு கல்லூரியில சேர்ந்தா மாசம் 1,000 ரூபாய், அவ வங்கிக் கணக்குக்கே.

எதிரணிச் சகோதரி கேட்டாங்க, ‘ஒரு நாளைக்கு 33 ரூபா, அதுல என்னத்தைக் கிழிக்கிறது?’ன்னு. அம்மா, உங்களுக்கு அது டீயும் வடையும். (சிரிப்பு) அவளுக்கு அது ஜெராக்ஸ், பரீட்சைக் கட்டணம், பஸ் வராத ஊருக்கு ஷேர் ஆட்டோ. மூணு வருஷத்துக்கு 36,000 ரூபாய். படிப்பை நிறுத்தினா பணமும் நின்னுடும். மாப்பிள்ளை வந்திருக்கார்னு சொல்ற அப்பாகிட்ட, ‘டிகிரி முடியட்டும்பா, மாசாமாசம் பணம் வருதில்ல’ன்னு சொல்ல அவ கையில ஒரு காரணம் இருக்கு. (பலத்த கைதட்டல்)

வருமானச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீசுக்கு நடந்தவங்க இங்கே எத்தனை பேர்? ஏழைன்னு நிரூபிக்கவே இரண்டு நாள் கூலி போகும்! இந்தத் திட்டத்துல வருமான வரம்பே வெக்கலே. அரசுப் பள்ளிப் பிள்ளைன்னாலே வீட்டு நிலைமை தெரியுமே.

‘பையன் என்ன பாவம் பண்ணான்?’னு நடுவர் முணுமுணுக்கிறார். 2024 ஆகஸ்ட்ல தமிழ்ப் புதல்வன் வந்தாச்சுங்க ஐயா! (சிரிப்பு)

எங்க அணியிலயும் ஓட்டை உண்டு. சில உதவித்தொகை வருஷக் கடைசியில வரும், மண்டபத்தைப் பூட்டினப்புறம் வர்ற மொய் மாதிரி. அதுவரைக்கும் அப்பா வட்டிக்கு வாங்கித்தான் ஃபீஸ் கட்டறார். அந்தத் தாமதத்துக்குத் தியாகம்னு பேர் வெச்சுத்தான் எதிரணி இவ்வளவு நேரம் கைதட்டல் வாங்கிச்சு.

மணி அடிச்சாச்சு.